கார் வைப்பர் 'கடகட'ன்னு குதிக்குதா? ஊட்டி மலைப்பாதை ஏறும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

மேட்டுப்பாளையத்தில் வெயில் அடிக்கும்போது கிளம்பும் கார், கல்லாறு தாண்டி நாலைந்து வளைவு ஏறுவதற்குள் மழைக்குள் புகுந்துவிடும். டிரைவர் வைப்பரைப் போடுவார். 'கிர்ர்ர்...' என்று ஒரு கத்தல், கூடவே 'கடகட'ன்னு ஒரு குதியாட்டம். கண்ணாடியில் தண்ணீர் போவதற்குப் பதிலாக, கோடு கோடாகப் பட்டை விழும். எதிரே லாரி ஹெட்லைட் அடித்தால் அந்தப் பட்டை முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். ரோடு எங்கே, தடுப்புச் சுவர் எங்கே என்று தெரியாது.

ஊட்டி போகிறவர்கள் இ-பாஸ் எடுத்தாச்சா, டேங்க் ஃபுல்லா, டயரில் காற்று இருக்கா என்று எல்லாம் பார்க்கிறார்கள். வைப்பரை மட்டும் மழை வந்த பிறகுதான் நினைக்கிறார்கள். இத்தனைக்கும் இந்தச் சத்தத்தில் பெரும்பாலானவை வீட்டு வாசலிலேயே அரை மணி நேரத்தில் சரி செய்யக்கூடியவை. எது எதனால் வருகிறது, எதை நாமே பார்க்கலாம், எதற்குப் பட்டறைக்குப் போகணும்? விரிவாகப் பார்க்கலாம்.

இந்த ரூட்டில் ஏன் இவ்வளவு முக்கியம்?

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 330 மீட்டர் அளவில் இருக்கிறது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர். நடுவில் இருப்பது 14 கொண்டை ஊசி வளைவுகள். ஆயிரம் மீட்டர் ஏறினால் தோராயமாக 6 டிகிரி வெப்பம் குறையும் என்று கணக்கு. அப்படிப் பார்த்தால், ஒரு மணி நேரப் பயணத்தில் கார் கண்ணாடி 9, 10 டிகிரி வித்தியாசத்தைச் சந்திக்கிறது. மழை, மூடுபனி, வெயில் மூன்றும் ஒரே பயணத்தில் வருவது இங்கே சாதாரணம்.

தென்மேற்குப் பருவமழை நீலகிரியின் மேற்குப் பக்கத்தில்தான் கொட்டும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது நினைவிருக்கலாம். மேட்டுப்பாளையம் அந்த நேரத்தில் மழை மறைவுப் பகுதி. காற்று அடிக்கும், தூறல் போடும், அவ்வளவுதான். ஆனால் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வந்தால் கதையே வேறு. மலையின் கிழக்குச் சரிவான பர்லியாறு, குன்னூர், கோத்தகிரி பக்கம்தான் அடி வாங்கும். அதாவது, மேட்டுப்பாளையத்தில் இருந்து ஏறும் இரண்டு ரோடுகளுமே.

இன்னொரு கணக்கும் இருக்கு. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 11 மீட்டர் போய்விடும். கண்ணாடியில் விழுந்த மங்கல் தெளிய இரண்டு நொடி ஆனாலே 22 மீட்டர். கொண்டை ஊசி வளைவில் அவ்வளவு இடம் யாருக்கும் கிடையாது.

சத்தம் எங்கிருந்து வருது?

வைப்பர் பிளேடின் முனையில் மெல்லிய ரப்பர் உதடு ஒன்று இருக்கும். அது கண்ணாடி மேல் நேராக நிற்பதில்லை. போகும் திசைக்குப் பின்பக்கமாகச் சாய்ந்து, இழுபட்டபடி போகும். வலது பக்கம் போகும்போது இடப்பக்கம் சாயும், திரும்பி வரும்போது வலப்பக்கம் புரளும். வாசலில் தண்ணீர் தள்ளும் ரப்பர் துடைப்பானை இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு வரும். அதையே சாய்வை மாற்றி எதிர்ப்பக்கம் தள்ளிப் பாருங்கள், தத்தித் தத்திக் குதிக்கும். வைப்பரில் நடப்பதும் இதேதான்.

ரப்பர் கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது. மோட்டார் இழுக்கிறது. ரப்பர் வளைந்து, ஒரு கட்டத்தில் பிடி விட்டுத் தாவுகிறது. மறுபடி பிடிக்கிறது, மறுபடி தாவுகிறது. ஒரு நொடியில் பல தடவை இது நடந்தால் 'கடகட'. அதைவிட வேகமாக, சின்னச் சின்னதாக நடந்தால் 'கிரீச்'. கரும்பலகையில் சாக்பீஸ் கத்துவதும், வயலின் கம்பியில் வில் இசை எழுப்புவதும் இதே பிடித்து விடும் விளையாட்டுதான். ஒன்று இனிமை, மற்றது தலைவலி.

ஆக, கேள்வி ஒன்றுதான். ரப்பர் ஏன் வழுக்காமல் பிடிக்குது? கண்ணாடியில் அழுக்கா, ரப்பர் செத்துப்போச்சா, ஆர்ம் கோணிப்போச்சா?

முதலில் கண்ணாடி

நிறைய பேர் சத்தம் வந்ததும் நேரே ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய்ப் புது பிளேடு வாங்கி மாட்டுகிறார்கள். இரண்டு நாள் நல்லா இருக்கும், மூன்றாம் நாள் மறுபடி கத்தும். காரணம், குற்றவாளி பிளேடு இல்லை, கண்ணாடி.

மேட்டுப்பாளையம் ரோட்டில் என்னவெல்லாம் கண்ணாடியில் ஒட்டும் என்று யோசித்துப் பாருங்கள். உருளைக்கிழங்கு மண்டிக்கு வந்து போகும் லாரிகளின் டீசல் புகை, ரோட்டுப் புழுதி, புளியமரம், வேப்பமரத்தடியில் நிறுத்தினால் சொட்டும் பிசுபிசுப்பு, சாயங்காலம் முட்டி நசுங்கும் பூச்சிகள். இதற்கு மேல் போர்வெல் உப்புத் தண்ணியில் கழுவிக் காயவிட்டால் படியும் வெள்ளைப் புள்ளி. மாதக்கணக்கில் மழையே இல்லாமல் இதெல்லாம் வெயிலில் வெந்து கண்ணாடியோடு ஒட்டிவிடும். முதல் மழையில் வைப்பர் போட்டால் சத்தம் வராமல் என்ன செய்யும்?

கண்ணுக்குக் கண்ணாடி சுத்தமாகத் தெரியலாம். அதை நம்ப வேண்டாம். கழுவித் துடைத்த பிறகு கையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு, விரல் நுனியால் கண்ணாடியைத் தடவிப் பாருங்கள். வெறும் கையில் தெரியாத சொரசொரப்பு கவர் வழியாகத் தெளிவாகத் தெரியும். மணல் மாதிரி நெருடினால் வேலை பாக்கி இருக்கு என்று அர்த்தம்.

நிழலில் நிறுத்தி, கண்ணாடி சூடு ஆறிய பிறகு, பாத்திரம் கழுவும் திரவ சோப்பைத் தண்ணீரில் சில சொட்டு கலந்து மென்மையான துணியால் கழுவணும். வைப்பரைத் தூக்கிவிட்டு, அது படுத்திருந்த இடத்தையும் விடாமல் தேய்க்கணும். அங்கேதான் அழுக்கு அதிகம். பிறகு நல்ல தண்ணியால் அலசித் துடைக்கணும். எண்ணெய்ப் படலம் போகலைன்னா மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைக்கலாம். உப்புப் புள்ளிக்கு வினிகரைச் சரிபாதி தண்ணீர் கலந்து தடவி, சில நிமிடம் ஊறவிட்டுக் கழுவலாம். பெயின்ட் மேல் வழியவிடாமல் பார்த்துக்கொள்ளணும், கடைசியில் நிறைய தண்ணி ஊற்றி அலசணும். அப்போதும் நெருடினால் கார் அக்சசரீஸ் கடைகளில் விற்கும் கிளே பார் இருக்கு. களிமண் உருண்டை மாதிரி இருக்கும், ஈரக் கண்ணாடி மேல் தேய்த்தால் ஒட்டியதை எல்லாம் பிடுங்கிக்கொண்டு வரும்.

ஒரு விஷயத்தை இங்கே தனியாகச் சொல்லணும். வாட்டர் வாஷுக்கு விடும்போது வண்டி முழுக்கப் பளபளப்புக்கு வேக்ஸ் அடித்துத் தருவார்கள். அது முன் கண்ணாடியிலும் பட்டுவிட்டால் தண்ணீர் சீராகப் பரவாமல் முத்து முத்தாக நிற்கும். ரப்பர் ஓர் இடத்தில் ஈரத்திலும் அடுத்த இடத்தில் காய்ந்த கண்ணாடியிலும் மாறி மாறி ஓடும்போது குதிக்கத்தான் செய்யும். தண்ணீர் ஒட்டாமல் இருக்க அடிக்கும் கோட்டிங் தேய ஆரம்பித்தாலும் இதே கதை. சர்வீஸ் விட்டு எடுத்த மறுநாளே சத்தம் தொடங்கியது என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் வரணும். முன் கண்ணாடிக்கு வேக்ஸ் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

அடுத்து ரப்பர்

பிளேடைத் தூக்கும் முன் ஒரு எச்சரிக்கை. ஸ்பிரிங் வேகத்தில் ஆர்ம் 'டப்'னு திரும்பி விழுந்தால் கண்ணாடி கீறல் விட்டுப் போகும். பிளேடைக் கழற்றிய வெறும் ஆர்ம் விழுந்தால் இன்னும் மோசம். கண்ணாடி மேல் தடித்த டவல் ஒன்றை மடித்துப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சில கார்களில் வைப்பர் போனட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும், அப்படியே தூக்கினால் பெயின்ட் உரியும். அந்த வண்டிகளில் வைப்பரை மேலே கொண்டுவந்து நிறுத்த சர்வீஸ் நிலை என்று ஒன்று உண்டு. வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் போட்டிருப்பார்கள்.

ஈரத்துணியால் ரப்பர் முனையை ஒருமுறை, இரண்டுமுறை துடைக்கலாம். துணியில் கறுப்பாக வரும். அது முழுக்க அழுக்கு என்று நினைத்து, கறுப்பு நிற்கும்வரை தேய்ப்பவர்கள் உண்டு. அது தப்பு. பல பிளேடுகளில் ரப்பர் வழுக்கி ஓடுவதற்காகவே கிராஃபைட் பூச்சு கொடுத்திருப்பார்கள். அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் சத்தம் குறையாது, கூடும். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் கிட்டேயே போகக்கூடாது. தேங்காய் எண்ணெய் தடவினால் சத்தம் நிற்கும் என்பது பரவலான கைவைத்தியம். சத்தம் நிற்பது உண்மைதான். ஆனால் ராத்திரி மழையில் அந்த எண்ணெய்ப் படலத்தின் மேல் எதிர் வண்டி வெளிச்சம் பட்டால் எதுவுமே தெரியாது.

துடைத்த பிறகு முனையை நகத்தால் தடவிப் பாருங்கள். வெட்டு விழுந்திருக்கா, விளிம்பு மழுங்கியிருக்கா, கிழிந்து தொங்குதா? ரப்பர் உதட்டை விரலால் இரு பக்கமும் சாய்த்துப் பாருங்கள். சுலபமாகப் புரளணும். ஒரே பக்கம் வளைந்தபடி விறைத்துப் போயிருந்தால் அதற்குக் கழுவல், துடைப்பு எதுவும் உதவாது, மாத்தத்தான் வேணும். கோவை பக்கம் ஏப்ரல், மே வெயிலில் மாதக்கணக்கில் வெட்டவெளியில் நிற்கும் கார்களில் இது சகஜம். வைப்பரை உபயோகிக்கவே இல்லையே, எப்படிக் கெட்டுப்போகும் என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். ரப்பரைக் கொல்வது மழையை விட வெயில்தான் அதிகம்.

ஒரு பக்கம் மட்டும் குதிக்குதா?

கண்ணாடி சுத்தம், ரப்பரும் புதுசு. ஆனாலும் மேலே போகும்போது அமைதியாகப் போய், கீழே வரும்போது மட்டும் 'கடகட'ங்குது. அல்லது நேர்மாறாக. இப்படி ஒரே திசையில் சத்தம் வந்தால் பெரும்பாலும் ஆர்ம் கோணியிருக்கு என்று அர்த்தம். வண்டி கழுவும்போது முரட்டுத்தனமாகத் தூக்குவது, வைப்பரைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி துடைப்பது, குரங்கு உட்கார்ந்து ஊஞ்சல் ஆடுவது (கல்லாறு, பர்லியாறு பக்கம் நிறுத்தியவர்களுக்குத் தெரியும்) எதனால் வேண்டுமானாலும் ஆர்ம் முறுக்கிக்கொள்ளும். அப்போது ரப்பர் உதடு ஒரு திசையில் ஒழுங்காகச் சாய்ந்து இழுபடும், மறு திசையில் புரள முடியாமல் விறைத்து நிற்கும்.

கண்டுபிடிப்பது எளிது. கண்ணாடியை நனைத்து வைப்பரை ஓடவிட்டு, அது நடுவில் வரும்போது சாவியை ஆஃப் செய்யுங்கள். பெரும்பாலான கார்களில் வைப்பர் அப்படியே நின்றுவிடும். டவலைப் போட்டுவிட்டு பிளேடைக் கழற்றி, ஆர்மின் தட்டையான முனையைக் கண்ணாடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கண்ணாடிக்கு இணையாக இருக்கணும். ஒரு ஓரம் தூக்கி, மறு ஓரம் தாழ்ந்து இருந்தால் அதுதான் கோணல். இரும்புப் பட்டையால் ஆன ஆர்ம் என்றால் துணி சுற்றிய ஸ்பேனரால் முனையைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி இணையாகக் கொண்டுவரலாம். ஒரே மூச்சில் வளைக்கக்கூடாது. லேசாகத் திருப்பி, பிளேடை மாட்டி, ஓட்டிப் பார்த்து, மறுபடி திருத்தணும். பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கிடம் விடுவதே மேல். நல்ல மெக்கானிக்குக் கொஞ்ச நேர வேலை இது. அவர் பிளேடை மட்டும் மாற்றச் சொன்னால், "ஏனுங்க, ஆர்ம் கோணியிருக்கான்னு ஒருக்கா பாத்துடுங்க" என்று கேட்டுவிடுங்கள்.

மற்ற அறிகுறிகளையும் இப்படிப் படிக்கலாம். இரு பக்கமும் குதித்தால் கண்ணாடி அல்லது ரப்பர். நடுவில் ஒரு பட்டை துடைக்காமல் விட்டால், ஆர்ம் ஸ்பிரிங் தளர்ந்து அழுத்தம் போதவில்லை அல்லது பிளேடு சட்டம் வளைந்திருக்கு. மெல்லிய கோடுகள் விழுந்தால் ரப்பரில் வெட்டு. இரு ஓரத்திலும் 'டொக்' என்று இடித்தால் அளவு தப்பான பிளேடு, இல்லை இணைப்புக் கம்பிகளில் ஆட்டம். மோட்டார் சத்தம் கேட்குது ஆனால் ஒரு ஆர்ம் மட்டும் நகரலைன்னா அடியில் இருக்கும் நட்டு தளர்ந்திருக்கலாம். தூறல் நின்ற பிறகும் வைப்பரை ஓடவிட்டால் வரும் கிரீச்சுக்கு எந்த ரிப்பேரும் தேவையில்லை, நிறுத்தினால் போதும். அதற்காகத்தான் விட்டு விட்டு ஓடும் இன்டர்மிட்டன்ட் நிலை கொடுத்திருக்கிறார்கள்.

அந்த நிலைக்குப் பின்னால் பெரிய வழக்கே இருக்கிறது. வைப்பருக்கு 1903 நவம்பர் 10-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் மேரி ஆண்டர்சன் என்ற பெண். உள்ளே இருந்து கையால் நெம்புகோலை ஆட்டினால் வெளியே ரப்பர் துடைக்கும். அவருக்கு அதில் பணம் வரவில்லை. விட்டு விட்டு ஓடும் வைப்பரை 1960-களில் உருவாக்கிய ராபர்ட் கேர்ன்ஸ், தன் கண்டுபிடிப்பை எடுத்துக்கொண்டதாக ஃபோர்டு நிறுவனத்தின் மீது 1978-ல் வழக்குப் போட்டு, 12 ஆண்டுகள் போராடி, 1990-ல் ஒரு கோடி டாலருக்கு மேல் இழப்பீடு வாங்கினார். இவர் கதை 2008-ல் ஹாலிவுட் படமாகவும் வந்தது.

புது பிளேடு வாங்கும்போது

டிரைவர் பக்கமும் பக்கத்து சீட் பக்கமும் ஒரே அளவு இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பல கார்களில் டிரைவர் பக்கம் நீளம், அடுத்தது குட்டை. பழைய பிளேடைக் கையோடு கடைக்குக் கொண்டுபோனால் அளவும், மாட்டும் கொக்கியும் தப்பாது. ஒரு அங்குலம் கூட இருந்தாலே ஓரத்துத் தூணில் இடிக்கும் அல்லது இரண்டும் ஒன்றோடொன்று உரசும்.

இரும்புச் சட்டம் வைத்த பழைய மாடல் மலிவு. சட்டம் நன்றாக இருந்தால் ரப்பரை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதியும் சிலவற்றில் உண்டு. சட்டம் இல்லாத தட்டை பிளேடு, கண்ணாடி வளைவுக்கு ஏற்ப ஒரே சீராக அழுத்தும், வேகத்தில் காற்றுக்குத் தூக்காது. ஆனால் உங்கள் கார் கண்ணாடியின் வளைவும் தட்டை பிளேடின் வளைவும் பொருந்தாவிட்டால் ஓரம் ஒட்டாது. வண்டியோடு வந்தது எந்த வகையோ அதே வகைக்குப் போவதுதான் தலைவலி இல்லாத வழி. பிளாஸ்டிக் உறையை ரப்பரிலிருந்து உருவ மறந்துவிட்டு, "புதுசே துடைக்கலை" என்று திரும்பக் கொண்டுவருபவர்களும் இருக்கிறார்கள்!

வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்ல கணக்கு. மேட்டுப்பாளையம்காரர்களுக்குச் சரியான மாதம் செப்டம்பர். கோடை வெயிலில் வாடிய ரப்பரை எடுத்துவிட்டு, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு புதுசு மாட்டிவிடலாம். வாஷர் டேங்கில் உப்புத் தண்ணி ஊற்றினால் பீய்ச்சும் துளை அடைத்துக்கொள்ளும். நல்ல தண்ணியும் வாஷர் திரவமும் போதும், துணி துவைக்கும் பவுடர் வேண்டாம்.

பாதி மலையில் பிளேடு கிழிந்தால்?

வளைவில் நிறுத்தக்கூடாது. வேகத்தைக் குறைத்து, நான்கு இன்டிகேட்டரையும் போட்டு, ரோடு நேராக இருக்கும் அகலமான இடத்தில் ஓரம் கட்டுங்கள். கொக்கி ஒரே மாதிரி இருந்தால் பக்கத்து சீட் பிளேடை டிரைவர் பக்கம் மாற்றிக்கொள்ளலாம். குட்டையாக இருந்தாலும் கண்ணுக்கு நேரே துடைத்தால் போதும், மெதுவாக அடுத்த ஊர் வரை போய்விடலாம். கிழிந்த பிளேடை அந்தப் பக்கம் மாட்ட இடிக்கிறது என்றால், வெறும் ஆர்மைத் தடிமனாகத் துணி சுற்றி இறுகக் கட்டணும். வெறும் இரும்பு ஒரே ஒரு தடவை ஓடினாலும் கண்ணாடியில் அழியாத கோடு விழும்.

வைப்பர் அறவே நின்றுபோன வண்டியில் உருளைக்கிழங்கை வெட்டியோ, புகையிலையையோ கண்ணாடியில் தேய்ப்பது லாரி டிரைவர்களின் பழைய உத்தி. தண்ணீர் துளியாக நிற்காமல் படலமாக வழிந்துபோகும், கொஞ்ச நேரம் ரோடு தெரியும். உருளைக்கிழங்கு மண்டி இருக்கும் ஊரில் இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் கொட்டும் மழையில் இதை நம்பி மலை இறங்க முடியாது. மழை விடும்வரை காத்திருப்பதுதான் வழி.

துடைக்கத் துடைக்க மங்குதா?

சில நேரம் வைப்பர் ஒழுங்காகத்தான் ஓடும், ஆனாலும் கண்ணாடி தெளியாது. மேலே ஏற ஏற வெளிக் குளிர் கூடி, ஆட்கள் விடும் மூச்சின் ஈரம் கண்ணாடியின் உள்பக்கம் பனியாகப் படிகிறது. ஏசியைப் போட்டு, காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளியும். இதற்கு நேர்மாறும் உண்டு. அடிவாரத்துப் புழுக்கத்தில் ஏசியைக் கடுமையாக வைத்தால் கண்ணாடி குளிர்ந்து, வெளிப்பக்கம் பனி படியும். வைப்பர் துடைக்கும், உடனே மறுபடி படியும். அங்கே ஏசியைக் குறைக்கணும். எந்தப் பக்கம் என்று தெரிய விரலால் உள்ளே ஒரு கோடு போட்டுப் பார்த்தால் போதும்.

டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் இரவு தங்குபவர்கள் காலையில் உறைபனி மூடிய கண்ணாடி மேல் வைப்பரைப் போடவே கூடாது. ரப்பர் கண்ணாடியோடு உறைந்து ஒட்டியிருக்கும். இழுத்தால் கிழியும், மோட்டாரும் திணறும். வெந்நீர் ஊற்றினால் கண்ணாடி வெடிக்கலாம். எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டர் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, உருகும்வரை பொறுக்கணும். முந்தின ராத்திரியே கண்ணாடி மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு வைத்தால் இந்த வேலையும் இல்லை.

சட்டம் என்ன சொல்லுது?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 101-வது விதி, முன் கண்ணாடி உள்ள வாகனத்தில் விசையால் இயங்கும், திறம்பட வேலை செய்யும் வைப்பர் இருக்க வேண்டும் என்கிறது. டாக்ஸி, வேன், லாரி போன்ற வாடகை வாகனங்களுக்கு எஃப்.சி. காட்டும்போது வைப்பரையும் பார்ப்பார்கள். சொந்தக் காருக்கு அப்படி அடிக்கடி யாரும் பார்ப்பதில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும் முன் வாஷர் தண்ணியைப் பீய்ச்சி, நாலு தடவை வைப்பரை ஓடவிட்டுப் பார்க்க ஆகும் நேரம் அரை நிமிடம். சத்தம் கேட்டால் காரமடையிலோ மேட்டுப்பாளையத்திலோ நிறுத்தி மாத்திக்கலாம். கல்லாறு தாண்டிவிட்டால் வளைவுகள் முடியும்வரை கடை தேடுவது கஷ்டம்.